கறுப்புத் தாளில் என் முகம்

அன்பு மகனுக்கு,

அம்மா எழுதுகிறேன். நானும் அப்பாவும் நன்றாக இருக்கிறோம், என் முழங்கால் மட்டும் மாடிப்படியைக் கண்டால் முரண்டு பிடிக்கிறது. நீயும் மருமகளும் பேத்தியும் சுகம்தானே. கொஞ்சம் கோபத்தோடுதான் எழுதுகிறேன், அதனால் நின்றுகொண்டே படிக்காமல் உட்கார்ந்து படி.

போன மாதம் பேத்தியின் பிறந்தநாள் படம் அனுப்பினாயே, இது யார் பிள்ளை என்று நான் கேட்டதற்குச் சிரித்தாய். போன்லயே வெள்ளையாக்கிடலாம், எல்லாரும் அப்படித்தாம்மா பண்றாங்க என்றாய். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவள் என் நிறம். அதை அழித்துவிட்டு, ஒன்பது வயதுப் பிள்ளையிடம் இதுதான் நீ என்று காட்டியிருக்கிறாய். அவளுக்காகத்தான் நம் குடும்பக் கதையை ஆல்பமாகச் செய்துகொண்டிருக்கிறேன். கெட்டியான கறுப்புத் தாள், வெள்ளை மைப் பேனா, படத்தைப் பிடித்துக்கொள்ள மூலைக்கு மூலை வெள்ளைக் காகிதத் துண்டு. அப்பா வெட்டுகிற துண்டுகளில் ஒன்றுகூட நேராக இல்லை, கேட்டால் மூக்குக்கண்ணாடி மேல் பழி போடுகிறார். பழைய படங்களையெல்லாம் கலராக்கித் தருகிறேன் என்று எங்கள் கல்யாணப் படத்தை மாதிரிக்கு அனுப்பியிருந்தாய். அதில் உன் அப்பா பக்கத்தில் கோதுமை நிறத்தில் ஒருத்தி நிற்கிறாள். அவளை எனக்குத் தெரியாது. ஆல்பம் முழுக்கக் கறுப்பு வெள்ளைதான், இதில் பேச்சுக்கே இடமில்லை.

படங்களைத் தரையில் பரப்பியபோதுதான் உறைத்தது, அறுபத்து மூன்று படத்தில் நான் இருப்பது நான்கே நான்கில். யாரும் என்னை ஒதுக்கவில்லை, நானாகத்தான் ஒதுங்கினேன். கல்யாணமான புதிதில் எடுத்த ஒரு குரூப் படத்தில் எல்லாரும் பளிச்சென்று இருக்க, எனக்குக் கண்ணும் பல்லும் மட்டும்தான் தெரிந்தன. அண்ணி லைட்டை அணைச்சுட்டு நிக்கிறாங்க என்று உன் அத்தை சொல்ல வீடே சிரித்தது, நானும் சேர்ந்து சிரித்துத் தொலைத்தேன். அதற்கப்புறம் யார் கேமராவை எடுத்தாலும், குடுங்க நான் எடுக்கறேன் என்று வாங்கிக்கொள்வேன். இத்தனை வருஷம் சொந்த வீட்டில் ஒளிந்து வாழ்ந்திருக்கிறேன், என் மேலேயே எனக்கு ஆத்திரம் வந்தது. இந்த லட்சணத்தில் போன வாரம் மருமகள் சொல்கிறாள், பேத்தி இப்போதெல்லாம் படத்துக்கு நிற்பதில்லையாம், நானே எடுக்கறேன் என்று போனை வாங்கிக்கொள்கிறாளாம். என்ன சமர்த்து பாருங்க அத்தை என்றாள். அது சமர்த்தில்லை, நான் செய்த அதே வேலை.

மறுநாளே ஸ்டுடியோவுக்குப் போனேன். இந்த வயசுல தனிப் படமா என்று உன் அத்தை போனில் இழுத்தாள், ஆமாம், தனியாகத்தான் என்று வைத்துவிட்டேன். ஸ்டுடியோக்காரர் பவுடரை நீட்டினார், வேண்டாம் என்றேன். கம்ப்யூட்டர்ல கொஞ்சம் பிரைட்டாக்கிடவா என்றார், கையை எடுங்க என்றேன். மனுஷன் அதற்கப்புறம் விளக்கை என் முகத்துக்கென்றே நகர்த்தி வைத்து, கறுப்பு வெள்ளையிலேயே எடுத்தார். கன்னத்து மச்சம், நெற்றிச் சுருக்கம் எல்லாம் தெரிகிறது, நன்றாகத்தான் இருக்கிறேன். கறுப்புத் தாளில் முகம் அமுங்கிப் போகாமலிருக்க, பின்னால் ஒரு வெள்ளை அட்டை கொடுத்து ஒட்டினேன். கடைசிப் பக்கத்துல வெச்சா போதாதா என்றார் அப்பா. முதல் பக்கத்தில்தான் வைத்தேன். கீழே, இந்த வீட்டுப் படங்களையெல்லாம் எடுத்தவள் இவள் என்று எழுதியிருக்கிறேன்.

மூவரும் நோய்நொடி இல்லாமல் மனநிறைவோடு இருங்கள். மருமகளை நேரத்துக்குச் சாப்பிடச் சொல். மறக்காமல் பேத்தியை ஜன்னலோரம் நிறுத்தி, அவளை வெளுப்பாக்காமல் கறுப்பு வெள்ளையில் ஒரு படம் எடுத்து அனுப்பு. இரண்டாம் பக்கம் அவளுக்கு. வெளுத்த படம் வந்தால் ஒட்ட மாட்டேன், பக்கம் காலியாகக் கிடந்தாலும் கிடக்கட்டும், என்னைப் போல அவளையும் ஒளிய விட மாட்டேன்.

இப்படிக்கு,
உன் அம்மா