சூளைக்குள் இருக்கும் ஆடி

1847 ஜனவரி 11, திங்கள்

காலையிலேயே சமையற்காரி ஹோரனோடு சண்டை. கஞ்சி அண்டாவில் இன்னும் கொஞ்சம் தண்ணீர் ஊற்றச் சொன்னேன். "இதுக்கு மேல ஊத்துறதுக்கு எல்லாரையும் ஆத்தங்கரைக்கே போய்க் குடிச்சுக்கச் சொல்லிடலாம் துரைசானியம்மா" என்கிறாள். வாய்! ஆனால் அவள் சொல்வதும் சரிதான். உருளைக்கிழங்கு அழுகிப்போனதிலிருந்து எங்கள் கோட்டை வாசலில் கஞ்சிக்கு நிற்கிற கூட்டம் நாளுக்கு நாள் கூடுகிறது, மாவு கூடவில்லை.

தொலைநோக்கிக்காகச் சனிக்கிழமை ஊற்றிய ஆடி சூளைக்குள் போய்விட்டது. செம்பையும் வெள்ளீயத்தையும் உருக்கி வார்த்த வட்டத் தகடு, ஆள் உயரம். பார்த்தால் மலை மாதிரி இருக்கும். உடைவதில் கண்ணாடியை மிஞ்சும். சூளையின் வாயையும் அடியிலுள்ள நெருப்புக் குழிகளையும் செங்கல்லும் களிமண்ணும் வைத்து அடைத்தாயிற்று. ஏப்ரல் கடைசி வரை யாரும் தொடக் கூடாது. எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி, மெல்ல, தானாக ஆற வேண்டும். ஒரு பக்கம் முந்தினாலும் போச்சு, பிந்தினாலும் போச்சு.

போன வருடம் முதல் ஆடி வெடித்த பிறகு என் வீட்டுக்காரர் ஆம்ப்ரோஸ் பேசவில்லை, சாப்பிடவில்லை. ஒரு நாள் தொலைநோக்கியின் மேல்தளத்தில், கைப்பிடிக் கம்பிக்கு வெளியே காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்திருந்தார். கீழே இருந்து கூப்பிட்டேன். "இங்கேருந்து பார்த்தா ரொம்பச் சுலபமா இருக்கு, லெட்டி" என்றார். என்ன சுலபம் என்று நான் கேட்கவில்லை.

இந்த ஆடியும் போனால் அவரும் போய்விடுவார். எழுதினால் பயம் குறையும் என்று யாரோ சொன்னார்கள். குறையவில்லை.

ஜனவரி 16

இந்த வீட்டில் சாப்பாட்டு மேசையில் வானத்தைத் தவிர வேறு பேச்சு கிடையாது. மாமனார் வால்நட்சத்திரம் தேடியே கிழவரானார். நாத்தனார் ஃபிலிப்பா நிலவின் பள்ளங்களை வரைந்து வரைந்து கண்ணைக் கெடுத்துக்கொண்டாள். அவள் வரைந்த படங்களை லண்டனில் இன்னும் புரட்டுகிறார்கள். ஆம்ப்ரோஸ், வெறும் புகை என்று உலகம் நினைத்திருந்த வானத்துத் திட்டுகளில் சிலவற்றைச் சின்ன ஆடியை வைத்தே நட்சத்திரம் நட்சத்திரமாகப் பிரித்துக் காட்டினார். மிச்சமும் அப்படித்தானா என்று பார்க்கத்தான் இந்தப் பெரிய ஆடி.

என்னைப் பெண் பார்க்க வந்த அன்றே ஒன்றரை மணி நேரம் சனிக்கோளைப் பற்றிப் பேசினவர். அப்போதே ஓடியிருக்க வேண்டும். ஓடவில்லை, பிடித்துப்போயிற்று, என்ன செய்ய.

ஜனவரி 23

கடும் பனி. சூளைக் கொட்டகையில் ஆட்கள் வந்து படுக்கிறார்கள். பக்கத்து எஸ்டேட்டில் வாடகை கொடுக்காதவர்களின் கூரையைப் பிரித்துவிட்டார்களாம். லாயம் முழுக்கக் காய்ச்சல்காரர்கள். அங்கே போகப் பயந்து, சூளைச் சுவரில் சூடு இருப்பதைக் கண்டுபிடித்து, முதுகைச் சாய்த்து உட்கார்ந்துகொள்கிறார்கள்.

மேஸ்திரி டைனன் குதித்தான். "துரை, ஒரு ஆள் கை வெச்சாலும் நான் பொறுப்பில்லை, சொல்லிட்டேன்!"

ஆம்ப்ரோஸ் தொப்பியைச் சுழற்றிக்கொண்டே நின்றார். "சுவருல சாஞ்சா ஒண்ணும் ஆகாது டைனன். அடைச்ச இடத்தை மட்டும் தொடாம பாத்துக்கச் சொல்லு."

டைனன் சொன்னான், பிறகு காய்ச்சலுக்குப் பயந்து அந்தப் பக்கமே போவதில்லை. ஆம்ப்ரோஸ் மட்டும் தினமும் காலையில் போய்ச் சூளையைப் பார்த்துவிட்டுத்தான் காலைச் சாப்பாட்டு முட்டையை உடைக்கிறார்.

பிப்ரவரி 1

புனித பிரிஜிட் திருநாள். கொட்டகைப் பெண்கள் கோரையில் சிலுவை முடைந்து சூளை வாயில் செருகியிருக்கிறார்கள். வீட்டு அடுப்புக்கு மேலே செருகுவதுதான் வழக்கம். அவர்களுக்கு இப்போது இதுதான் வீடு போலிருக்கிறது.

பிப்ரவரி 9

ஐயோ.

வேலைக்காரிகள் கொட்டகைக்குப் போக மாட்டேன் என்று அழுதார்கள். வாளியை நானே தூக்கிக்கொண்டு போனேன். குளிரில் விறைத்திருந்த கையைச் சுவரில் வைத்தேன் — வைக்க முடியவில்லை, சுட்டது. அடைத்து ஒரு மாதம் ஆகிறது! வெதுவெதுப்பாகத்தானே இருக்க வேண்டும்?

பின்பக்கம் போய்ப் பார்த்தேன். அடியில் ஒரு நெருப்புக் குழியின் செங்கல்லை எடுத்திருந்தார்கள். உள்ளே தணல். ஒரு பெண் மண்டியிட்டு, சதுப்பில் வெட்டிய கரிமண் கட்டியின் உதிரிகளைப் பொறுக்கிப் போட்டு, மேலே சாம்பலை மூடிக்கொண்டிருந்தாள். ராத்திரிக்கு அடுப்பைச் சாம்பல் மூடிக் காப்பாற்றி வைப்பார்களே, அப்படியே, ஜெபம் சொல்லிக்கொண்டே. பெயர் ஓனோரா கினன். புருஷன் நவம்பரில் செத்துப்போனான். இடுப்பில் ஒரு கைக்குழந்தை, பக்கத்தில் ஒரு பெண் குழந்தை.

"என்னடி பண்றே?" என்று கத்திவிட்டேன்.

அவளுக்குத் தப்புப் பண்ணுகிறோம் என்ற நினைப்பே இல்லை. "அடுப்பு அணைஞ்சுக்கிட்டே வந்துச்சு துரைசானியம்மா. துரைக்கு எவ்வளவோ ஜோலி, மறந்திருப்பாரு பாவம். இவ்வளவு பெரிய வீட்டு அடுப்பு அணையலாமா? குடும்பத்துக்கு ஆகாதே."

எங்களுக்கு உதவி செய்கிறாளாம்! ஒரு வாரமாக!

செங்கல்லை வைத்து அடைக்கச் சொன்னேன். என் கண் முன்னாலேயே களிமண் பூசினாள். இந்த ஊரில் அணையாத அடுப்புதான் மரியாதை. அணைந்து ஆறுவதற்காகவே ஒருவன் அடுப்புக் கட்டுவான் என்று அவளிடம் எப்படிச் சொல்வேன்? சொல்லவில்லை.

ஆம்ப்ரோஸிடமும் சொல்லவில்லை.

பிப்ரவரி 10

சாப்பிடும்போது பேச்சுவாக்கில் கேட்டேன், ஒரு பக்கம் மட்டும் கொஞ்சம் சூடு பட்டால் ஆடிக்கு என்ன ஆகும் என்று. அவர் ஒரு தட்டை எடுத்து நடுவில் விரலால் கோடு இழுத்தார். அவ்வளவுதான். பிறகு ஆட்டிறைச்சி நன்றாக இருக்கிறது என்றார்.

ஒரு வாரம் சூடு பட்டது பட்டதுதான். ஒருவேளை ஒன்றும் ஆகியிருக்காது. ஒருவேளை. இனிமேல் ஒழுங்காக ஆறினால் பிழைத்துக்கொள்ளும், இல்லையா?

பிப்ரவரி 12

இரண்டு நாளாக வடக்கத்திக் காற்று. வாளியில் தண்ணீர் உறைந்துவிட்டது. ஓனோராவின் கைக்குழந்தை காலையில் கண் விழிக்கவில்லை. ஃபின்டன் என்று பெயராம்.

பிப்ரவரி 13

நான்தான் அடைக்கச் சொன்னேன். நான்தான்.

அவளைப் பார்க்கப் போனேன். திட்டுவாள், மூஞ்சியில் துப்புவாள் என்று நினைத்தேன். துப்பியிருந்தால் தேவலை. "அது பொறந்ததுலேருந்தே நோஞ்சான்தான் அம்மா, நீங்க அழாதீங்க" என்று எனக்கு ஆறுதல் சொன்னாள். பெரிய பெண், நான்கு வயதிருக்கும், ஆறிப்போன சுவரில் கன்னத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

வேறு இடம் யோசித்து யோசித்துப் பார்த்தேன். லாயத்தில் காய்ச்சல். கோட்டைக்குள் கொண்டுவந்தால் வேலைக்காரிகள் ஒருத்தி மிச்சமில்லாமல் ஓடிவிடுவார்கள். கஞ்சி யார் காய்ச்சுவது? இருந்த கரிமண் கட்டியெல்லாம் உருக்கும் உலைக்குப் போய்விட்டது. மழை பெய்த கோடையில் வெட்டியது காயவே இல்லை. கைப்பிடி உதிரியை வெட்டவெளியில் எரித்தால் புகைதான் மிச்சம்; இந்தச் சூளைச் செங்கல்தான் அதைச் சூடாகப் பிடித்து வைக்கிறது.

சொன்னேன். "செங்கல்லை எடுத்துடு, ஓனோரா." அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். "ரெண்டு கட்டி அதிகமாவே போடு. என் அறைக் கணப்புக்கு வர்றதை அனுப்பறேன்."

திரும்பி வந்து கதவைச் சாத்திக்கொண்டேன். ஆம்ப்ரோஸை நானே அந்த மேல்தளத்திலிருந்து தள்ளிவிடுகிறேனா?

பிப்ரவரி 14

குழந்தையைப் புதைத்தார்கள். ஆம்ப்ரோஸும் வந்து வெறுந்தலையோடு நின்றார்.

பிப்ரவரி 27

என் அறையில் கணப்பு இல்லை என்று ஹோரனுக்குத் தெரிந்துவிட்டது. "துரைசானியம்மா தவசு பண்றாங்களா?" என்றாள். உன் வேலையைப் பார் என்றேன். கொஞ்ச நேரம் கழித்து, வாயைத் திறக்காமல், சமையலறைக் கூடையிலிருந்து பாதியை என் கூடையில் கொட்டிவிட்டுப் போனாள். அவளுக்கு எவ்வளவு தெரியும்? எல்லாருக்கும் தெரியுமோ?

மார்ச் 17

திருநாள். நாட்டுப் புனிதரின் நாளுக்கு வழக்கமாகச் செருகும் பச்சை இலை யார் தொப்பியிலும் இல்லை. கொட்டகையில் இன்னும் இரண்டு கிழவர்கள் போய்விட்டார்கள், பசியில். குளிரில் யாரும் போகவில்லை. இதை ஒரு சமாதானமாக எழுதி வைக்கிறேன், வேறு இல்லை.

ஆம்ப்ரோஸ் ஆடியைத் தேய்த்து மெருகேற்றும் யந்திரத்துக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தார். விசில் அடித்தார். கேட்க முடியாமல் வெளியே வந்துவிட்டேன். அந்த மனிதர் விசில் அடிக்கிறார், உள்ளே என்ன கிடக்கிறதென்று தெரியாமல்!

ஏப்ரல் 6

வெயில் வந்துவிட்டது. ஓனோராவே வந்து, "இனிமே நெருப்பு வேணாம்மா, அணைஞ்சா அணையட்டும்" என்றாள். மேலே போட்டிருந்த சாம்பலைத் தானே வாரி எடுத்தாளாம். செங்கல்லை வைத்து அடைத்தோம், இரண்டு திருடிகள் மாதிரி.

ஏப்ரல் 21

இன்று தொலைநோக்கியின் மேல்தளத்துக்குப் போகும் படிக்கதவில் பூட்டுப் போட்டேன். துருப்பிடித்த படி, யாராவது விழுந்துவைப்பார்கள் என்றேன். சரி என்றார். ஏன் எதற்கு என்று கேட்கவில்லை. கேட்காதது இன்னும் பயமாக இருக்கிறது. சவரக் கத்தி இருக்கிறது, ஏரி இருக்கிறது. எதை எதையெல்லாம் பூட்டுவேன்?

ஏப்ரல் 28, புதன்

நாளைக்குத் திறக்கிறார்கள். கடவுளே, கடவுளே.

ஏப்ரல் 29

வெடித்திருந்தது.

டைனன் கடப்பாறையால் வாயை உடைத்ததும் ஆம்ப்ரோஸ்தான் முதலில் உள்ளே போனார். நான் வாசலிலேயே நின்றேன். டைனன் மட்டும் வெளியே வந்து தொப்பியால் முகத்தை மூடிக்கொண்டான். எட்டிப் பார்த்தேன். குறுக்கே, பின்பக்கத்திலிருந்து கிளம்பி, இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்கு ஒரே கோடு.

ஆம்ப்ரோஸ் வெளியே வந்தார், கையைத் துடைத்தார், தோட்டத்துப் பக்கம் நடந்தார். நான் பின்னாலேயே போனேன். ஆப்பிள் மரங்களைத் தாண்டினார், தாண்டினேன். ஏரிக்கரைக்குப் போனார். ஓடிப்போய் அவர் கோட்டின் நுனியைப் பிடித்துக்கொண்டேன்.

"எதுக்குடி கன்னுக்குட்டி மாதிரி பின்னாடியே வர்றே?"

"நீங்க செத்துப்போயிடுவீங்கன்னு பயமா இருக்கு!" கத்தியே விட்டேன். பிறகு வாய் நிற்கவில்லை. "நான்தான் பண்ணேன். செங்கல்லை எடுக்கச் சொன்னது நான். கட்டி அனுப்பினது நான். அந்தப் பொம்பளையை ஒண்ணும் சொல்லாதீங்க, அவளுக்கு ஒண்ணும் தெரியாது. நான் தெரிஞ்சேதான் பண்ணேன்."

அவர் கரையில் கிடந்த படகின் மேல் உட்கார்ந்தார்.

"தெரியும்" என்றார்.

"என்ன தெரியும்?"

"தினமும் காலையில சுவருல கை வெக்கிறவன் நான். எனக்குத் தெரியாதா? பிப்ரவரி ஆரம்பத்துலேயே சூடு ஏறிச்சு. நடுவுல ரெண்டு மூணு நாள் ஆறிச்சு. அந்தக் குழந்தையைப் புதைச்ச அன்னிக்குக் காலையில கை வெச்சேன், மறுபடி சுட்டுது. யார் பண்ணியிருப்பான்னு அப்பவே புரிஞ்சுது."

"அப்ப ஏன் ஒரு வார்த்தை கேக்கலே? மூணு மாசமா நான் செத்து செத்துப் பிழைச்சேனே!"

"நீ வந்து சொல்லிடுவியோன்னு நான் பயந்துக்கிட்டிருந்தேன், லெட்டி. நீ சொல்லிட்டா நான் ஒரு முடிவு சொல்லணும். என்ன முடிவு சொல்லியிருப்பேன்னு எனக்கே தெரியாது." படகின் ஓரத்தை நகத்தால் சுரண்டினார். "நல்லவனா இருந்திருப்பேன்னு நிச்சயமாச் சொல்ல முடியலே. அதனால விசில் அடிச்சுக்கிட்டுச் சும்மா இருந்தேன்."

எனக்கு அவரை அடிக்க வேண்டும் போல இருந்தது. நிஜமாகவே தோளில் இரண்டு அடி வைத்தேன். பிறகு இரண்டு பேரும் அந்த ஈரப் படகில் உட்கார்ந்து அழுதோம், யாராவது பார்ப்பார்களே என்ற வெட்கமில்லாமல்.

ஏப்ரல் 30

உடைந்ததை இன்னும் சின்னதாக உடைக்கிறார்கள், மறுபடி உருக்க. அந்தச் சம்மட்டிச் சத்தம்! ஆம்ப்ரோஸ் ஒரு மணி நேரம் நின்று பார்த்தார். உள்ளே வந்து படுத்தார். ராத்திரி முழுக்க விழித்திருந்தேன், அவர் மூச்சைக் கேட்டுக்கொண்டு. காலையில் கண்ணைத் திறந்து, "இன்னும் இருக்கேன்" என்றார்.

செப்டம்பர் 4, சனி

நான்கு மாதமாக இதைத் தொடவில்லை. எழுத நேரமில்லை, காய்ச்சல் கோட்டைக்குள்ளேயே வந்து டைனனைக் கொண்டுபோனது. ஓனோரா பாத்திரம் கழுவும் அறையில் இருக்கிறாள், மகளோடு. ஹோரனுக்கும் அவளுக்கும் தினமும் சண்டை. உருளைக்கிழங்கு இந்த வருடம் அழுகவில்லை, ஆனால் நட்டவர்கள்தான் குறைவு.

நாளை மறுநாள் மூன்றாவது வார்ப்பு. இந்த முறையும் ஆறுவதற்குள் பனி வந்துவிடும், ஆட்களும் வருவார்கள். அடுக்கி வைத்த கரிமண் கட்டியில் பாதியை, வருகிறவர்கள் குளிர்காய, ஆம்ப்ரோஸ் லாயத்துக்கு அனுப்பிவிட்டார். மிச்சம் உருக்கப் போதுமா என்று யாருக்கும் தெரியவில்லை.

காலையில் முட்டையை உடைக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார்.

"பயமா இருக்கு, லெட்டி" என்றார். கல்யாணமான நாளிலிருந்து அவர் வாயில் இந்த வார்த்தையை நான் கேட்டதில்லை.

"எனக்கும்தான்" என்றேன். தேநீரை ஊற்றிவிட்டு, எதிர் நாற்காலியை விட்டுவிட்டு, அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.