பின் அறைக்கு வராத வைஃபை

மார்ச் 4, செவ்வாய்

காலையிலிருந்து லேப்டாப்பில் வைஃபை இல்லை. நேற்று மாலை வரை வந்தது. வந்தது என்றால், வந்து வந்து போனது. இன்று அந்தப் பேச்சே இல்லை. திரையின் மூலையில் ஒரு கேள்விக்குறியைப் போட்டுக்கொண்டு என்னையே பார்க்கிறது. நான் கேட்க வேண்டிய கேள்வியை அது கேட்கிறது!

என் கை சும்மா இருந்ததா? நேற்று 'புதுப்பிப்புகள் தயார்' என்று வந்ததும், ஏதோ பரிசு கொடுக்கிறார்கள் என்பதுபோல அழுத்திவிட்டேன். இந்தப் பழைய லேப்டாப்பை வாங்கி விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் போட்டுக் கொடுத்தபோதே தாடி சொன்னான், "ஓடிட்டிருக்கிறத நோண்டாதீங்கக்கா." தாடி என் பழைய ஆபீஸில் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொண்டவன். தாடியை எடுத்து வருஷக்கணக்காகிறது, பெயர் மட்டும் போகவில்லை.

வரும் திங்கள் காலை பத்து மணிக்குச் சோதனை. டாக்டர்கள் பேசிப் பதிவு செய்ததைக் கேட்டு, வீட்டிலிருந்தே தட்டச்சு செய்யும் வேலை. அவர்களுடைய தளத்துக்குள் நுழைந்து இரண்டு மணி நேரம் அடித்துக் காட்ட வேண்டும். நடுவில் இணைப்பு அறுந்தால் அதோடு சரி, மறுவாய்ப்பு இல்லை என்று முன்கூட்டியே சொல்லிவிட்டார்கள். இது கிடைத்தால் தனியாக ஓர் அறை எடுத்துக்கொண்டு போய்விடலாம். கல்யாண வாழ்க்கையை முடித்துக்கொண்டு அண்ணன் வீட்டில் வந்து உட்கார்ந்தவள் எத்தனை நாள் விருந்தாளியாக இருக்க முடியும்?

மார்ச் 5, புதன்

தாடி போனை எடுக்கவில்லை. போனில் படித்துப் படித்து லேப்டாப்பில் நானே தட்டினேன். எனக்கு முன்னால் எத்தனையோ பேர் இதே அவஸ்தை பட்டிருக்கிறார்கள். எல்லாரும் 'சரியாகிவிட்டது, நன்றி' என்று எழுதிவிட்டுப் போய்விட்டார்கள், எப்படிச் சரியானது என்று சொல்லாமல். இவர்களை எல்லாம் என்ன செய்வது?

ஒரு மகானுபாவர், டிரைவரை எடுத்துவிட்டு மறுபடி போடச் சொன்னார். டிரைவர் என்பது வைஃபை கார்டுக்கும் லினக்ஸுக்கும் நடுவில் நின்று பேசி முடித்துவைக்கும் நிரல். எடுப்பதை மளமளவென்று எடுத்துவிட்டேன். போடுவதற்கு இணையம் வேண்டுமாம். இணையம் வருவதற்கு டிரைவர் வேண்டும். தலையில் கை வைத்துக்கொண்டேன்.

போனை வயரால் இணைத்து அதன் வழியாக இழுக்கலாம் என்றால், என் போனில் சார்ஜ் போடும் துளை ஆட்டம் கண்டுவிட்டது. வயரைச் சாய்த்து வைத்து மேலே அகராதியை ஏற்றினால்தான் ஒட்டும். நான் தும்மினால் அறுந்துவிடும்.

அகராதியும் நானும் போராடிக்கொண்டிருந்தபோது அண்ணி வந்து வாசலில் நின்றார். பார்த்தார். போய்விட்டார். அண்ணி எக்ஸ்ரே எடுப்பவர். நாள் முழுக்க "மூச்ச இழுங்க, பிடிங்க, விடுங்க" என்று சொல்லிச் சொல்லி, வீட்டுக்கு வரும்போது சொல்ல ஒன்றும் மிச்சம் இருக்காதுபோல.

மார்ச் 6, வியாழன்

தாடி கிடைத்தான். நான் செய்ததை எல்லாம் சொன்னேன். அவன் சிரிப்பை அடக்கியது போனிலேயே தெரிந்தது.

அகராதியைப் பிடித்துக்கொண்டே, அவன் சொல்லச் சொல்லத் தட்டி, டிரைவரைத் திரும்பக் கொண்டுவந்துவிட்டோம். பட்டியல் விரிந்தது. அக்கம்பக்கத்து வைஃபை அத்தனையும் வரிசையாக: 'மூன்றாம் மாடி', 'பாஸ்வேர்டு கேட்காதே', 'சிங்கக்குட்டி'. எங்கள் வீட்டுப் பெயர் மட்டும் இல்லை.

"பக்கத்துல எந்த நம்பர் போட்டிருக்கு, படிங்க," என்றான். சேனல் எண்களாம். வைஃபைகள் பேசிக்கொள்ள ஆளுக்கொரு தடம். படித்தேன். ஒன்று, ஆறு, பதினொன்று, மறுபடி ஆறு, மறுபடி பதினொன்று.

"எல்லாரும் இந்த மூணுலயே முட்டி மோதிக்கிறாங்க. அதான் முன்னாடி விட்டு விட்டு வந்திருக்கும். சரி, உங்க போன்லேருந்து ஹாட்ஸ்பாட் போடுங்க."

போட்டேன். லேப்டாப் சட்டென்று பிடித்துக்கொண்டது.

"கார்டு நல்லாத்தான்க்கா இருக்கு. டிரைவரும் நல்லாருக்கு. அப்டேட் மேலயும் தப்பில்ல." பிறகு, "ரௌட்டர்ல யாராச்சும் கை வச்சாங்களா?" என்றான்.

என் போனில் இருக்கும் டேட்டா அரை மணி நேரத்துக்குக் காணாது. அதனால் ஹாட்ஸ்பாட்டை நம்பித் திங்கட்கிழமை உட்கார முடியாது. ஆனால் இதை எழுதும்போது மனசு அதில் இல்லை. அவன் கேட்ட கடைசிக் கேள்வியிலேயே நிற்கிறது.

மார்ச் 7, வெள்ளி

ரௌட்டர் ஹாலில், டிவிக்குப் பின்னால். அதன் செட்டிங்கை மாற்றும் பாஸ்வேர்டு அண்ணிக்கு மட்டும்தான் தெரியும். அண்ணனுக்கு ரௌட்டர் என்றால் மினுக் மினுக் என்று எரியும் டப்பா, அவ்வளவுதான்.

யோசித்துப் பார்த்தேன். திங்கள் மாலை, சாப்பாட்டு மேஜையில், அண்ணன் எப்படிப் போகிறது தட்டச்சுப் பயிற்சி என்று கேட்டான். "பின் ரூமுக்கு வைஃபை வந்து சேர்றதுக்குள்ள எனக்கு வயசாயிடும்"னு சொன்னேன். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். அண்ணி நிமிர்ந்து என்னை ஒரு பார்வை பார்த்தார். தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து போனார். செவ்வாய் காலை வைஃபை மாயம். இதற்குமேல் என்ன கணக்குப் போட வேண்டும்?

ஓசியில் இருப்பவளுக்குக் குறை வேறா என்று தோன்றியிருக்கும். என் போனில் மட்டும் வீட்டு வைஃபை வருகிறது, அதையும் எடுத்தால் அப்பட்டமாகத் தெரிந்துவிடும் என்று விட்டுவைத்திருப்பார். வேணாம்னா வேணாம்னு சொல்லித் தொலைய வேண்டியதுதானே? எதுக்கு இந்தக் கண்ணாமூச்சி?

முன்பு இருந்த வீட்டில் யாரும் பேசவில்லை என்றால் நான் ஏதோ தப்பு செய்திருக்கிறேன் என்று அர்த்தம். என்ன தப்பு என்று கண்டுபிடிப்பதும் என் வேலை. மாமியார் ஒரு பக்கம், அவர் ஒரு பக்கம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார்கள். நான் காலையிலிருந்து செய்ததை ஒவ்வொன்றாக நினைத்துப் பார்ப்பேன். அங்கிருந்து தப்பித்து வந்து இங்கேயும் அதேதானா?

வீட்டுத் தரகரிடம் பேசிவிட்டேன். ஒற்றை அறை போதும், ஜன்னல் மட்டும் வேண்டும் என்றேன். பார்த்துச் சொல்கிறேன் என்றார்.

மார்ச் 8, சனி

கொட்டிவிட்டேன்.

மதியம் அண்ணனிடம்தான் முதலில் கேட்டேன். "எனக்கென்ன தெரியும், உங்க அண்ணியைக் கேளு," என்று பேப்பருக்குள் புகுந்துவிட்டான். அண்ணி துணி மடித்துக்கொண்டிருந்தார். என் சட்டையைத்தான் மடித்துக்கொண்டிருந்தார், அது அப்போது கண்ணில் படவில்லை.

"நான் போகணும்னா நேரா சொல்லிடுங்க அண்ணி. வைஃபைய ஒளிச்சு வச்சுதான் சொல்லணுமா? திங்கக்கிழமை எனக்கு என்ன நாள்னு உங்களுக்குத் தெரியும்ல?"

என் குரல் எனக்கே பிடிக்கவில்லை. அண்ணன் பேப்பரை இறக்கினான். அண்ணி மடித்த சட்டையை அடுக்கின் மேல் வைத்துவிட்டுத் தன் போனை எடுத்தார். ரௌட்டரின் பக்கத்தைத் திறந்து என்னிடம் நீட்டினார். அதில் சேனல் என்று இருந்த இடத்தில் 13.

"நீ சொன்னியே, பின் ரூமுக்கு வைஃபை வந்தே சேரலைன்னு. எங்க எக்ஸ்ரே ரூம்லயும் அப்படித்தான் படம் அனுப்பவே முடியாம கெடந்துச்சு. ரிப்பேருக்கு வந்தவரு நெரிசல் இல்லாத சேனலுக்கு மாத்தினாரு, சரியாப் போச்சு. இங்க பாத்தேன், பதிமூணுல ஒருத்தருமே இல்ல. காலியா இருந்துச்சு. அதான் அன்னைக்கே உனக்காக மாத்தி வச்சேன்."

இவ்வளவு நீளமாக அண்ணி பேசி நான் கேட்டதில்லை.

"சொல்லியிருக்கலாம்ல அண்ணி?"

"இதுல சொல்றதுக்கு என்ன இருக்கு?" உண்மையாகவே புரியாமல் கேட்டார். "உன் லேப்டாப்புல ஏதோ ரிப்பேர் பாத்துட்டிருந்த. நம்ம வைஃபைதான் சுத்தமா வரலைன்னு நீயும் சொல்லலையே."

சொல்லவில்லைதான். ஊர் பேர் தெரியாதவர்களிடம் எல்லாம் கேட்டேன், தாடியைக் கேட்டேன், தரகர் வரை போனேன், ஹாலுக்கு வந்து ஒரு வார்த்தை கேட்கவில்லை. அண்ணி என்னை இந்த வீட்டில் வேண்டாதவளாக நினைக்கவே இல்லை. நான்தான் அவரை அப்படி நினைத்துக்கொண்டிருந்தேன். அழுகை வந்துவிட்டது. அண்ணி பதறிப்போய், "மூச்ச இழு, மூச்ச இழு," என்றார். அண்ணன் சிரித்துவிட்டான். நானும்.

பிறகு தாடியைக் கூப்பிட்டு, பதிமூன்று என்றேன். "அட, ஆமாம்!" என்று கத்தினான். இந்த லேப்டாப் வேறு ஏதோ நாட்டு ஆபீஸில் உழைத்துத் தேய்ந்து, கப்பலில் வந்து இறங்கியது. "அத வித்த நாட்டுல பன்னெண்டும் பதிமூணும் கூடாதுக்கா. கார்டுக்குள்ளயே அத எழுதி வச்சிருக்காங்க. அந்த ரெண்டையும் அது எட்டிக்கூடப் பாக்காது. போன் இங்கேயே வாங்கினது, அதுக்கு அந்தத் தடை இல்ல." இப்போது இருப்பது இந்த நாடு என்று லினக்ஸுக்குச் சொல்ல ஒரு வரி கொடுத்தான். தட்டினேன். சரி என்றது. கார்டு மட்டும் மசியவில்லை.

வந்து இத்தனை காலம் ஆகியும் பழைய இடத்துச் சட்டத்துக்குக் கட்டுப்பட்டு நடக்கிறது. கண்ணெதிரே காலியாகத் திறந்து வைத்திருப்பதைப் பார்க்க மாட்டேன் என்கிறது. அதைத் திட்ட வாயெடுத்தேன், பிறகு எனக்கென்ன யோக்கியதை என்று விட்டுவிட்டேன்.

அண்ணி ரௌட்டரை ஆறுக்கு மாற்றினார். எங்கள் வீட்டுப் பெயர் 'சிங்கக்குட்டி'க்குக் கீழே வந்து உட்கார்ந்தது. பழையபடி விட்டு விட்டு.

மார்ச் 9, ஞாயிறு

ஆறிலும் நெரிசல், பதினொன்றிலும் நெரிசல். அப்படியானால் டப்பாவையே பின் அறைக்குப் பக்கத்தில் கொண்டுவந்துவிட வேண்டியதுதான் என்று அண்ணி முடிவெடுத்தார். அண்ணன் பக்கத்து வீட்டில் துளைபோடும் மெஷின் இரவல் வாங்கி வந்தான். முதல் துளை தப்பான இடத்தில். இரண்டாவது துளையில் சுவர் கொஞ்சம் பெயர்ந்தது. அண்ணி ஒன்றும் சொல்லவில்லை. இந்த முறை அதற்கு அர்த்தம் எனக்கே தெரிந்தது, அண்ணனுக்கும் நன்றாகத் தெரிந்தது.

மாலை ரௌட்டர் நடைவழிச் சுவரில், என் அறைக் கதவுக்கு நேர் எதிரே. சிக்னல் கோடுகள் நிரம்பி வழிகின்றன. இரண்டு மணி நேரம் ஏதேதோ ஓடவிட்டுப் பார்த்தேன். ஒரு தடவைகூட அறுபடவில்லை. வீடெல்லாம் சுண்ணாம்புத் தூசி. மூன்று பேரும் சேர்ந்து துடைத்தோம்.

மார்ச் 10, திங்கள்

முடிந்தது. அறுபடவில்லை. ஒரு டாக்டர் மருந்துப் பெயர்களை மென்று விழுங்கினார், அதைத்தான் சரியாக அடித்தேனா என்று தெரியவில்லை. அண்ணி வேலைக்குக் கிளம்புமுன் ஹால் டிவியின் வயரைச் சுவரிலிருந்து பிடுங்கி வைத்துவிட்டுப் போயிருக்கிறார். வைஃபைக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. பார்த்ததும் நெஞ்சு நிறைந்துவிட்டது. அப்படியே விட்டுவைத்தேன்.

மார்ச் 14, வெள்ளி

கிடைத்துவிட்டது!! அண்ணனிடம் சொன்னேன், தாடியிடம் சொன்னேன். அண்ணியிடம் சொன்னபோது, "ம்," என்றார். பிறகு நான் மேஜைக்கு வந்தபோது என் நாற்காலியில் அவருடைய முதுகுத் தலையணை இருந்தது. உட்கார்ந்தே செய்யும் வேலை அல்லவா.

மார்ச் 23, ஞாயிறு

வேலை பழகிவிட்டது. லினக்ஸ் மறுபடி 'புதுப்பிப்புகள் தயார்' என்றது. அழுத்தவில்லை. தாடியைக் கேட்டேன். "இப்ப அழுத்துங்கக்கா, ஒண்ணும் ஆகாது," என்றான். அழுத்தினேன். ஒன்றும் ஆகவில்லை.

ஏப்ரல் 5, சனி

காலையிலிருந்து அண்ணி ஒரு வார்த்தை பேசவில்லை. நானும் பேசவில்லை. எதிரெதிரே உட்கார்ந்து பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தோம். ஜன்னலில் வெயில் நன்றாக இருந்தது.

தரகர் கூப்பிட்டார். ஒற்றை அறை, தனிக் குளியலறை, தெருவைப் பார்த்த பெரிய ஜன்னல், உடனே வந்து பார்த்தால் முடித்துவிடலாம் என்றார். இப்போது என்னால் முடியும். முடியும் என்று நினைத்துப் பார்க்கவே சந்தோஷமாக இருந்தது. வேறு யாருக்காவது கொடுத்துவிடுங்கள் என்று சொல்லி வைத்துவிட்டேன்.

"யாரு?" என்றார் அண்ணி.

"ராங் நம்பர் அண்ணி."

தலையாட்டினார். கடைசிக் கைப்பிடி பீன்ஸை எனக்கும் அவருக்குமாகப் பிரித்துப் போட்டார்.

"உன் ரூம் ஜன்னலுக்குக் கொசுவலை அடிக்கணும்," என்றார். "சாயங்காலம் அளவெடுத்துக் குடு."