கூடிப்போன இரண்டு கண்ணி

இராஜபாளையம்
புதன்கிழமை

அன்பு மகள் வின்சிக்கு அப்பா எழுதுவது. கர்த்தருடைய தயவில் நானும் அம்மாவும் இங்கே சுகமாக இருக்கிறோம், ஜாம்நகரில் நீயும் மாப்பிள்ளையும் பிள்ளையும் அப்படியே இருப்பீர்கள் என்று நம்புகிறேன். போனில் பேசினால் அம்மா பக்கத்திலேயே நிற்பாள், அதனால்தான் கடிதம்.

நான் பள்ளிக்கூட நிர்வாகத்தோடு சண்டை போட்டு வெளியே வந்ததிலிருந்து வீட்டில் வருகிற சம்பளம் அம்மாவுடையது ஒன்றுதான். பேண்டேஜ் கம்பெனியில் இனி ஒரு நாள் பிந்தி வந்தாலும் வேறு ஆள் போட்டுக்கொள்வோம் என்று சூப்பர்வைசர் சொல்லிவிட்டான். அந்த நேரம் பார்த்து அவள் சைக்கிள் செயின் அறுந்தது. அழகுராஜாவின் சைக்கிள் கடை தெருமுனையில்தான் இருக்கிறது. ஆனால் உன் நிச்சயதார்த்தத்தில் சம்பந்தி வீட்டார் முன்னால் அவன் சொன்னது உனக்கு மறந்திருக்கலாம், எனக்கு மறக்காது. "சாருக்கு இங்கிலீசு வரும், கணக்கு வரும், பஞ்சர் ஒட்ட மட்டும் வராது" என்றான். உன் மாமாவும் சேர்ந்து சிரித்தார், அவரையும் நான் மறக்கவில்லை. ஆகவே பஸ் ஏறி ஸ்ரீவில்லிபுத்தூர் போய் புதுச் செயின் வாங்கி வந்து, பழையதைத் தரையில் நீட்டி, பக்கத்தில் புதியதை வைத்து, அதே நீளத்துக்கு வெட்டி நானே மாட்டினேன். அம்மா வாசலில் ஒரு சுற்று ஓட்டிப் பார்த்து நல்லா இருக்கு என்றாள். மறுநாளிலிருந்து காலையில் சாப்பிடாமல் டப்பாவை மட்டும் எடுத்துக்கொண்டு சீக்கிரமே கிளம்பினாள். வேலை போய்விடும் என்ற பயம் என்று நினைத்தேன்.

போன வியாழன் மாத்திரை வாங்கப் போனபோது அழகுராஜா கடை முன்னால் அவள் நிற்பதையும், அவன் குனிந்து செயினை மாட்டுவதையும் பார்த்தேன். அவள் போன பிறகு நேரே போய், என் சைக்கிளில் உனக்கென்ன வேலை என்று கேட்டேன். "சார், கோவப்படாதீக. ரெண்டு கண்ணி கூட இருக்கு, தெனமும் கழலுது, மாட்டி விடுதேன். கழட்டித் தாரேன்னு மதினிட்ட சொன்னேன். அதுக்கு மதினி, வேண்டாம்ணே, அவிய மாட்டுனது, நீங்க கைவச்சது தெரிஞ்சா அவியளுக்கு ஒரு மாசத்துக்குச் சோறு எறங்காது, நான் செத்த முன்னாடி கெளம்பிக்கிடுதேன்னுட்டாக" என்றான்.

வீட்டுக்கு வந்து யோசித்தபோதுதான் விளங்கியது. பழைய செயின் தேய்ந்து நீண்டு போயிருந்தது, பின்சக்கரத்தைக் கடைசிவரை இழுத்து வைத்தும் தொங்கிக்கொண்டுதான் இருந்தது. அதை அளவாக வைத்தது மடத்தனம். சனிக்கிழமை சாயந்திரம் அவள் ஜெபக்கூட்டத்துக்கு நடந்து போயிருந்த நேரத்தில் இரண்டு கண்ணியைக் கழற்றினேன். ஒன்றை மட்டும் எடுத்தால் முனைகள் சேராது, ஜோடியாகத்தான் எடுக்க வேண்டும். சக்கரத்தை முன்னே தள்ளி நேராக நிறுத்தி, விரலால் அழுத்தினால் அரை அங்குலம் அசைகிற மாதிரி வைத்து நட்டை இறுக்கினேன். இரண்டு முனையையும் சேர்க்கிற லாக்கின் மூடிய பக்கம் செயின் ஓடுகிற திசையைப் பார்க்க வேண்டும், அதையும் கவனித்தேன். அவளிடம் ஒன்றும் சொல்லவில்லை. அழகுராஜாவிடமும் சொல்லவில்லை, அவனை மன்னித்துவிட்டதாக நீ எடுத்துக்கொள்ளவும் வேண்டாம்.

திங்கட்கிழமையும் அவள் சீக்கிரமே கிளம்பினாள். நேற்று இட்லியை உட்கார்ந்து சாப்பிட்டு, காபியும் ஆற்றிக் குடித்துவிட்டுப் போனாள்.

பிள்ளைக்குச் சளி என்றாயே, தலைக்கு ஊற்றுவதை நிறுத்து. மாப்பிள்ளைக்கு என் தோத்திரம். கர்த்தர் உங்கள் போக்கையும் வரத்தையும் காப்பாராக. ஞாயிற்றுக்கிழமை பேசும்போது அம்மாவிடம் இதைப் பற்றி வாய் திறக்காதே.

உன் அப்பா,
தே. ஆஸ்டின்