மதலேன் சிஸ்டருக்கு ஏற்றிய விளக்கு

சேசு மரி சூசை துணை

சோமனூர்,
18.2.1996

என் கண்ணு சிஸ்டர் மெர்சிக்கு,

அம்மா பழனியாத்தாள் எழுதுவது. நானும் அப்பாவும் சுகம். ரோமாபுரியில் குளிர் தாங்கவில்லை என்று எழுதியிருந்தாய். கம்பளி போடாமல் பூசைக்குப் போகாதே. கன்னியாஸ்திரி ஆனாலும் சளி பிடிக்கும்.

ஊரே பேசுகிற சேதி ஒன்று. நீ பிறந்தபோது எனக்குப் பிரசவம் பார்த்த மதலேன் சிஸ்டருக்குப் புனிதர் பட்டம் கேட்டு ஆயர் இல்லத்தில் விசாரணை தொடங்கிவிட்டார்கள். நம் காலனியில் பிறந்தவர், கண்ணு! பட்டம் வந்தால் ஊரில் திருச்சபைக்கு மதிப்பு ஏறும், விலகிப் போனவர்கள் திரும்பி வருவார்கள் என்று பங்குச் சாமியாருக்கு ஒரே சந்தோஷம். அதெல்லாம் எனக்குத் தெரியாது. நம் தெருப் பெண் பீடத்தில் ஏறுவதைப் பார்த்துவிட்டுத்தான் நான் கண்ணை மூட வேண்டும்.

விசாரணைச் சாமியார்கள் கல்லறையைப் பார்க்க வருகிறார்கள் என்றதும் சும்மா இருப்போமா? வாழைமரம் கட்டி, அகல்விளக்கு ஏற்றி, சீரியல் லைட் போட்டு, பொங்கலும் வைத்தோம். பிள்ளை வரம் கேட்டுக் கல்லறை வேம்பில் கட்டியிருந்த தொட்டில்களுக்கும் பூச்சுற்றினோம். என் பங்குக்குத் தலையைச் சுற்றி ஒளிவட்டம் வரைந்த சிஸ்டர் படம் மாட்டினேன். வந்தவர்கள் முகம் சுண்டிப்போயிற்று. ரோமாபுரி அறிவிக்கும் முன்பே புனிதராக வைத்துக் கும்பிடக் கூடாதாம். விளக்கு, ஒளிவட்டம், காணிக்கை என்று ஏதாவது கல்லறையில் இருந்தால் விசாரணையே நின்றுவிடுமாம். எனக்கு அழுகை வந்துவிட்டது.

படத்தை நானே கழற்றினேன். தொட்டில்களை அவிழ்க்க மட்டும் ஒருத்தியும் கை நீட்டவில்லை. கவுண்டர் வீட்டுச் சென்னியம்மாள்தான் முன்னே வந்தார். ஒரு காலத்தில் நம்மை வாசலோடு நிறுத்திய வீடு, உனக்கே தெரியும். அவர் மகன் பிறந்ததும் மதலேன் சிஸ்டர் கையில்தான். தொட்டில்களைப் பக்குவமாக அவிழ்த்து முந்தானையில் சேர்த்துக்கொண்டு, அகல்விளக்கையும் கையில் எடுத்தார். விசாரணைக்கு வந்த பெரிய சாமியாரிடம் தணிந்த குரலில் கேட்டார்:

"கல்லறையிலதானுங்க கூடாது? எங்கூட்டுல ஏத்துனா யாருங்க கேக்கப்போறாங்க?"

சாமியார் எழுதிக்கொண்டிருந்த நோட்டை மூடிவிட்டு வண்டியைப் பார்த்து நடந்தார்.

இப்போது அந்த விளக்கு சென்னியம்மாளின் பூசை அறையில், முருகன் படத்துக்குப் பக்கத்தில் எரிகிறது. செவ்வாய்க்கிழமை தோறும் நம் தெருப் பெண்கள் போய் எண்ணெய் ஊற்றுகிறோம். முதல் வாரம் பழக்கதோஷத்தில் வாசலிலேயே நின்றுவிட்டேன். உள்ளே வாங்க அம்மணி என்று சென்னியம்மாள் வந்து கூட்டிப்போனார்.

அங்கே யாராவது கேட்டால், கல்லறையில் விளக்கு இல்லை என்று தைரியமாகச் சொல். அது பொய்யில்லை. கேட்காததைச் சொல்ல வேண்டாம். பட்டம் சீக்கிரம் வர மன்றாடு. வராவிட்டாலும் மனம் ஒடியாதே, கண்ணு. என்னை நிறுத்திய வாசலைத் தாண்டி, நம் மதலேன் சிஸ்டர் எனக்கு முன்பே உள்ளே போய் உட்கார்ந்துவிட்டார்.

அவர் கை ஏந்திய உன்னை மாதா கைவிடமாட்டாள்.

ஆசீருடன்,
அம்மா