இனி வேண்டாம் என்று அழுத்தியவர்கள்

இன்று காலை கடையைத் திறந்து கம்ப்யூட்டரைப் போட்டதும் உனக்கு ஒரு மெயில் வந்திருந்தது. உன் செய்திமடலை ஊருக்கெல்லாம் அனுப்பித் தருகிற கம்பெனிதான். ‘இந்த வாரம் வாசகர்களுக்கு இன்னும் ஒன்றும் எழுதவில்லையே, உங்களைத் தேடுவார்களே’ என்று கேட்டிருந்தது. நீ போன பிறகும் வெள்ளிக்கிழமை தவறாமல் உன்னை விசாரிக்கிறது. நாங்கள் எல்லோரும் கருமாதியோடு நிறுத்திக்கொண்டோம்.

இந்த மடல் தொடங்கிய அன்று, விருதுநகரில் சிறுதொழில்காரர்களுக்கு ஒருநாள் பயிற்சி என்று போனவன், சாயங்காலம் பஸ்ஸை விட்டு இறங்கி நேராக என் அச்சுக்கடைக்கு வந்தாய். கையில் அவர்கள் கொடுத்த ஃபைல். நான் யாருடைய கல்யாணப் பத்திரிகைக்கோ பிழை பார்த்துக்கொண்டிருந்தேன்.

“ஏலே, நம்மகிட்ட குதிரைவாலி அரிசி வாங்குறவுகளுக்கு இனிமே வாரா வாரம் மெயில் போடப் போறோம்.”

“போறோமா? மிஷின் ஓட்டி உமி நீக்கி அரிசி ஆக்குறது நீயும் உன் பொண்டாட்டியும். இதுல நான் எங்க வாரேன்?”

“எழுத ஆளு வேணும்ல. இம்புட்டுப் புத்தகம் படிச்சு என்னத்தக் கண்ட? இப்பிடியாச்சும் ஒருத்தனுக்கு ஒதவு.”

கல்யாணப் பத்திரிகையை ஓரமாக எடுத்து வைத்தேன்.

வாங்குகிறவரை வாடிக்கையாளர் என்று நினைக்காதீர்கள், நண்பருக்கு எழுதுவதுபோல எழுதுங்கள் என்று பயிற்சியில் சொன்னார்களாம். எல்லாப் பயிற்சியிலும் சொல்வதுதான். சொன்னவர் உட்பட யாரும் அதை நம்புவதில்லை. அந்த மண்டபத்தில் நம்பியவன் நீ ஒருவன்.

முதல் மடலை நீ சொல்லச் சொல்ல நான் அடித்தேன். சென்னையிலும் பெங்களூரிலும் டாக்டர் சொல்லிச் சோற்றைக் குறைத்துக்கொண்ட பெரியவர்கள்தான் உன் வாடிக்கை. சர்க்கரை எவ்வளவில் இருக்கிறது என்று கேட்டாய். திருச்சுழிப் பக்கம் மழை ஏமாற்றியதைச் சொன்னாய். உன் சகலை வீட்டுச் சண்டை ஒரு பத்தி முழுக்க வந்தது. கடைசியில் ஒரு வரி, அரிசி இருக்கிறது என்று.

“ஏலே, விலையவே காணோம்?”

“வீட்டுக்கு வந்தவுககிட்ட எடுத்த எடுப்புல விலையச் சொல்லுவியா? உக்காருங்க, தண்ணி குடிங்கனு சொல்ல மாட்ட?”

“இது வீடு இல்லலே. மெயிலு.”

“உனக்கு அப்பிடித்தான் தெரியும்.”

வியாபாரம் ஓடியது. எனக்குக் காரணம் புரியவில்லை, பயிற்சி கொடுத்தவருக்கும் புரிந்திருக்காது. சிக்கல் மடலின் அடியில் இருந்த பொடி எழுத்தில் வந்தது. ‘இனி வேண்டாம்’ என்று அங்கே ஓர் இணைப்பு இருக்கும். அழுத்தினால் மடல் வராது. யார் அழுத்தினாலும் கம்பெனி உனக்குச் சொல்லிவிடும். உலகத்தில் எல்லோரும் அதை ஓர் எண்ணாகப் பார்த்துவிட்டு அடுத்த வேலைக்குப் போவார்கள். உனக்கு முகம் செத்துவிட்டது.

“ஏன் போனாக? நம்ம என்ன குறை வச்சோம்?”

விசேஷத்துக்கு வராமல் இருந்துவிட்ட பங்காளி வீட்டுக்கு நேரில் போய் என்ன வருத்தம் என்று கேட்பதுதான் நம் பக்கத்து வழக்கம். நீ அதை மெயிலுக்கும் செய்தாய். வீரசோழனில் மொத்தமாக வாங்குகிற பாய் ஒருவர் விலகியபோது, பழம் வாங்கிக்கொண்டு பஸ் ஏறிவிட்டாய். அவருக்குத் தான் விலகியதே தெரியாதாம். போனில் இடமில்லை என்று அவர் மகள் வந்ததையெல்லாம் அமுக்கித் தள்ளியிருக்கிறாள். “இதுக்கா தம்பி இம்புட்டுத் தூரம் வந்தீக?” என்று டீ வாங்கிக் கொடுத்து, ரெண்டு மூடைக்குச் சொல்லியும் அனுப்பினார். அந்த வெற்றி உன்னைக் கெடுத்துவிட்டது. அடுத்து ஒரு சென்னை அம்மாவுக்குப் போன் போட்டாய், என் முன்னாலேயே.

“மெயில் வேணாம்னுதான அழுத்தினேன்? அதுக்கு எதுக்குப் போன் பண்றீங்க?”

“அதத்தான்ம்மா கேக்கேன். எங்க மேல எதும் வருத்தமா?”

“மொதல்ல போனை வைங்க.”

நீ வைத்துவிட்டு என்னைப் பார்த்தாய். “கோவம்தான்லே. என்னமோ நடந்திருக்கு.”

அவர் பிறகு திரும்பி வந்து சேர்ந்தார் என்று எழுதினால் நன்றாகத்தான் இருக்கும். வரவில்லை.

தைக் கடைசியில் மல்லாங்கிணற்றுக்கு லோடு எடுக்கப் போன இடத்தில், வேனை விட்டு இறங்கி நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாய். எழுந்திருக்கவில்லை. மடலும் நின்றது. மடலோடு ஆர்டரும் நின்றது. கருமாதி முடிந்து கொஞ்ச நாளில் உன் மனைவி கடைக்கு வந்தாள்.

“அண்ணே, அறுப்பு சமயத்துல வாங்குன குதிரைவாலி மூடை அப்பிடியே கெடக்கு. மிஷின வித்துட்டுப் பிள்ளைகளக் கூட்டிக்கிட்டுத் திருப்பூருக்கு வானு எங்கண்ணன் ஒத்தக்கால்ல நிக்கிறாக. பனியன் கம்பெனில வேலை பாத்து வச்சிருக்காகளாம். எனக்குப் போக மனசில்ல. ஆனா அரிசி விக்கலைனா எனக்குப் பேச வாயில்ல.”

“நான் என்ன தாயி செய்யணும்?”

“அவுக எழுதுற மாதிரியே ஒரு மெயில் போடுங்க. அவுக இல்லைங்கிறத எழுத வேணாம். கடைய மூடிட்டாகனு நெனச்சு வேற எடம் பாத்துருவாக.”

உன்னைப்போல எழுதுவது எனக்குக் கஷ்டமில்லை. எழுதி, அவளுக்கு வாசித்துக் காட்டினேன். ‘சர்க்கரை எப்படி இருக்கிறது? நேரத்துக்குச் சாப்பிடுகிறீர்களா? இங்கே வெயில் ஏறிவிட்டது. நான் சுகமாக இருக்கிறேன்.’ அந்த இடத்தில் நிறுத்தினாள்.

“வேணாம்ணே.”

“நீதான தாயி சொன்ன?”

“சொன்னேன். அரிசி வாங்குறவுகதானனு நெனச்சேன். இந்த மனுசன்தான் ஒவ்வொருத்தரையும் சொந்தமா ஆக்கி வச்சிட்டுப் போயிருக்காகளே. நாளைக்குத் தெரிஞ்சு, துட்டிக்கு எங்களுக்கு ஒரு வார்த்தை சொல்லலையேனு கேட்டா, மூஞ்சிய எங்க வச்சுக்கிருவேன்? விக்காட்டியும் போகுது.”

அவள் சொன்னது சரி. சாவுத் துட்டியை எந்த வீட்டுக்குச் சொல்லாமல் விடுகிறோமோ அந்த வீட்டோடு உறவு முடிந்தது. நம் ஊரில் அதற்கு மேல் பேச்சுக் கிடையாது. அதனால் நீ செத்துப்போனதை நாலு வரியில் எழுதினோம். அடியில் அரிசி இருக்கிறது என்று ஒரு வார்த்தை சேர்க்கட்டுமா என்றேன். அவள் பார்த்த பார்வையில் விட்டுவிட்டேன். வியாபாரத்துக்கென்று தொடங்கிய மடல், வியாபாரம் ஒரு சொட்டுக்கூட இல்லாமல் போனது.

பதில்கள் வந்தன. உன் சகலை இப்போது பேசுகிறாரா என்றுகூட ஒருவர் விசாரித்திருந்தார். பெங்களூர்க்காரர் ஒருவர் ஆழ்ந்த வருத்தம் தெரிவித்துவிட்டு, இனி விலையில் மாற்றம் இருக்குமா என்று கேட்டிருந்தார். துட்டி கேட்க வெறுங்கையோடு வரக்கூடாது என்று அவர்களுக்கு யார் சொன்னார்களோ, பலர் அப்படியே அரிசிக்கும் சொல்லியிருந்தார்கள்.

அன்றைக்கே சிலர் ‘இனி வேண்டாம்’ அழுத்திவிட்டும் போனார்கள். நீ இருந்தவரை ஒரே நாளில் அத்தனை பேர் போனதில்லை. கூப்பிட்டு என்ன ஏது என்று கேட்போமா என்று அவளிடம் சொன்னேன். வேண்டாம் என்று தலையை ஆட்டினாள்.

“விடுங்கண்ணே. துட்டிக்கு வந்தவுக சொல்லிக்கிட்டா போவாக?”

ஆமாம். சாவு வீட்டிலிருந்து போய்ட்டு வாரேன் என்று சொல்லிக்கொண்டு யாரும் கிளம்புவதில்லை. இத்தனை படித்த எனக்கு அது தோன்றவில்லை. நீ இருந்தால் உனக்கும் தோன்றியிருக்காது, பஸ் ஏறியிருப்பாய்.

மூடைகள் எல்லாம் தீர்ந்துவிடவில்லை. ஆனால் அவளுக்குப் பேச வாய் வந்துவிட்டது. மிஷின் இங்கேதான் ஓடும் என்று அண்ணனிடம் சொல்லிவிட்டாள். ஆவணியில் வந்து பார்க்கிறேன் என்று அவர் போயிருக்கிறார். அது மிரட்டலா அக்கறையா என்று எனக்குத் தெரியாது. வெள்ளிக்கிழமைகளில் அவள் சொல்ல நான் அடிக்கிறேன். உன்னைவிடச் சுருக்கமாகச் சொல்கிறாள் என்பது ஓர் ஆறுதல்.

எனக்கென்று நீ விட்டுப்போனது ஒரு தொந்தரவு. எனக்கும் மெயில்கள் வருகின்றன. செருப்புக் கம்பெனி, மெத்தைக் கம்பெனி, ஒருதடவை விலை கேட்டுவிட்டு வாங்காமல் விட்ட அச்சு மை விற்கிற கம்பெனி. முன்பெல்லாம் யோசிக்காமல் விலகிவிடுவேன். இப்போது அழுத்தப் போனால், எங்கேயோ ஒருவன் என்ன குறை வைத்தோம் என்று சோறு இறங்காமல் உட்கார்ந்திருப்பான் என்று தோன்றுகிறது. அப்படி யாரும் அங்கே இல்லை என்பதும் எனக்குத் தெரியும். மெத்தை எனக்குத் தேவையில்லை. ஆனாலும் வாரா வாரம் அதைத் திறந்து, கடைசி வரிவரை படித்துவிட்டுத்தான் மூடுகிறேன்.