சந்தைக்குப் போய் வந்த கோழி

நவம்பர் 16, சனி

இன்று நான் சொல்லாதது: அத்தை சாம்பக்கோழியைத் திருப்பிக் கொண்டுவந்துவிட்டார்.

மொட்டை மாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தேன். சனி பஜாரிலிருந்து வந்த அத்தை கூடையை போர்வெல் குழாயடியில் வைத்தார். மேலே சாக்கு போட்டிருந்தது. சாக்கு அசைந்தது. இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு கூடையை எடுத்துக்கொண்டு கொட்டகைக்குப் பின்னால் போனார். திரும்பி வரும்போது கூடை கையில் லேசாக ஆடியது.

வாசலில் மாமா கேட்டார். "பூராத்தையும் வித்துப்போட்டியா?"

"வித்துப்போட்டனுங்க."

இந்த வீட்டில் சட்டம் என்று இருப்பது ஒன்றுதான்: சந்தைக்குப் போன கோழி கொட்டகைக்குத் திரும்பக் கூடாது. மாமாவுக்கு, அதாவது என் கணவன் ராஜவேலின் அப்பாவுக்கு, பூர்வீகம் நாமக்கல். வேலை முழுக்க மத்திய ரிசர்வ் போலீஸில். ஓய்வு பெற்றதும் நஜஃப்கரைத் தாண்டி இந்தக் கிராமத்தில் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்து நாட்டுக்கோழி வளர்க்க ஆரம்பித்தார். "டில்லிக்காரனுக்குக் கோழின்னா தந்தூரிதான் தெரியும்" என்பார். சந்தையில் எந்தெந்த ஊர்க் கோழியோ கூண்டு கூண்டாக நிற்கும், எதற்கு என்ன சீக்கு என்று யார் கண்டது. விற்காததை வந்த விலைக்குத் தள்ளு, இல்லையென்றால் யாருக்காவது சும்மா கொடு. கொட்டகை வாசலில் ஒரு தட்டில் மருந்துத் தண்ணீர் எப்போதும் இருக்கும். அதில் காலை நனைக்காமல் நானும் உள்ளே போனதில்லை.

சாம்பக்கோழி அத்தையுடையது. நாமக்கல்லில் இருந்து ஒரு வாளித் தவிட்டில் முட்டைகளைப் புதைத்து, டில்லி வரும்வரை ரயிலில் மடியை விட்டு இறக்காமல் கொண்டுவந்தாராம். பொரித்ததில் மிஞ்சியது இது. முட்டை இடுவதை எப்போதோ நிறுத்திவிட்டது. யார் முட்டையைக் கண்டாலும் அடைகாக்க உட்கார்ந்துவிடும். "தண்டத் தீனி, வித்துப்போடு" என்றார் மாமா. காலையில் அத்தை அதைக் கூடையில் வைத்தார்.

இப்போது அது பின்மூலையில், அடைக்கோழிகளைக் கூடை போட்டுக் கவிழ்க்கும் இடத்தில் இருக்கும். மாமா அங்கே எட்டிப்பார்ப்பதே இல்லை.

சொல்லியிருந்தால் வீடு இரண்டாகியிருக்கும். ஒரு கிழக்கோழிக்காகவா?

நவம்பர் 17, ஞாயிறு

தூக்கம் கலைந்து யோசித்ததை எழுதிவிடுகிறேன். யாரும் படிக்கப் போவதில்லை. மாமாவும் அத்தையும் என் நோட்டைத் தொட மாட்டார்கள். ராஜவேலுக்கே தமிழில் கடை போர்டைத் தாண்டிப் படிக்க வராது; மோதி பாக் தமிழ்ப் பள்ளிக்கூடம் எனக்கு எழுதப் படிக்கச் சொல்லிக்கொடுத்துச் செய்த உபகாரம் இந்த அந்தரங்கம்.

கொட்டகையில் வளர்வது பொங்கலுக்கான பேட்ச். பொங்கல் முடிந்து கறி சமைக்கும் கரிநாளுக்கு டில்லித் தமிழர்கள் நாட்டுக்கோழிக்குத் தவம் கிடப்பார்கள். தீபாவளியன்று ராஜவேல் மாமாவிடம் நேராகவே சொல்லிவிட்டான்: "அப்பா, ரெண்டு பேட்ச் போச்சு. இதுவும் போனா நான் பழைய கம்பெனிக்கே போயிடறேன். நாங்க டவுன்ல ரூம் பாத்துக்கறோம்." அன்று மாமா சாப்பிடவில்லை. ஊரில் தம்பிகள் முன்னால் தோற்றுப்போய் நிற்க வேண்டும் என்பதுதான் அவருக்கு எல்லாவற்றையும்விடப் பெரிய பயம்.

எனக்கு வேலை கரோல் பாக்கில், போட்டித் தேர்வுப் பிள்ளைகள் நாளெல்லாம் உட்கார்ந்து படிக்கும் ஒரு வாசகசாலையில். அங்கே உடன் வேலை பார்க்கும் வத்சலா போன் செய்தாள். "எங்க வீட்டு மேல் ரூம் இன்னும் காலியாத்தான் இருக்குடி. ஓனர் அங்கிள் ஆள் தேடறார்." "யாருக்கும் குடுக்க வேண்டாம்னு சொல்லு, கொஞ்ச நாள்" என்றேன்.

ஆகவே கணக்கு இதுதான். அவர்களுக்கு வேண்டியது கெட்டால் எனக்கு வேண்டியது கிடைக்கும். இதைத் தெரிந்துகொண்டே நேற்று வாயை மூடிக்கொண்டிருந்தேன். அத்தைக்காக என்று நினைத்துக்கொண்டேன். எவ்வளவு படித்திருக்கிறேன், மனிதர்கள் தங்களையே ஏமாற்றிக்கொள்வதைப் பற்றி! பக்கம் பக்கமாக அடிக்கோடு வேறு.

நவம்பர் 18, திங்கள்

புகை. பள்ளிகளை மூடிவிட்டார்கள். கொட்டகை வேலி கூடத் தெரியவில்லை.

"எட்டாம் வாரத்து ஊசி எப்பப் போடப் போறே?" என்று ராஜவேலிடம் கேட்டேன். தனியாக இருக்கும்போது நீ, அத்தை காதில் விழுந்தால் நீங்க.

"டாக்டர் அடுத்த வாரம் வர்றேன்னார். என்ன திடீர்னு கோழி மேல பியார்?"

"குளிர் வருதே."

"குளிருக்கு ஸ்வெட்டர் போடுவாங்க மேடம், ஊசி இல்ல."

சிரித்தேன். வேறென்ன செய்ய? சொல்லாமலேயே சரிசெய்துவிடலாம் என்று பார்க்கிறேன். ஊசி மட்டும் முந்திக்கொண்டால் யாருக்கும் எதுவும் தெரியவே வேண்டாம்.

நவம்பர் 20, புதன்

நானே வாங்கி வந்துவிட்டேன். மருந்துக் கடையில் ஐஸ் நிரப்பிய ஃபிளாஸ்கில் போட்டுக் கொடுத்தார்கள். மெட்ரோ பரிசோதனையில் போலீஸ்காரி மூடியைத் திறக்கச் சொன்னாள். "யே க்யா ஹை?" "முர்கி கா டீகா," கோழிக்குப் போடும் தடுப்பூசி என்றேன். "கோழிக்குமா?" என்று பக்கத்தில் இருந்தவளைக் கூப்பிட்டுக் காட்டினாள். இருவரும் சிரித்தார்கள். எனக்கு உள்ளே ஐஸ் உருகும் சத்தம் கேட்பதுபோல் இருந்தது. துவாரகாவில் வண்டி மாறும்போது ஓடினேன்.

மாமா: "யாரக் கேட்டு வாங்கினே அம்மிணி?"

"யாரையும் கேக்கல மாமா."

அவர் ஃபிளாஸ்கைத் தடவிப் பார்த்தார். "செரி, வாங்கினது வாங்கியாச்சு. ஜல்தி, ஐஸ் கரையறதுக்குள்ள."

அத்தை ஒவ்வொன்றாகப் பிடித்துக் கொடுக்க, மாமா ஊசி போட, ராஜவேல் டார்ச் காட்ட, நான் போட்டு முடித்ததை அடுத்த தடுப்பில் விட்டேன். அத்தை என் முகத்தை ஒருமுறைகூடப் பார்க்கவில்லை. இவ்வளவு கோழிகளும் இவ்வளவு கைகளும் இருந்த இடத்தில் நாங்கள் இருவர் மட்டும் தனியாக இருந்தோம்.

நவம்பர் 22, வெள்ளி

சில கோழிகள் தீனிக்கு வரவில்லை. இறக்கையைத் தொங்கவிட்டுக்கொண்டு சுவரைப் பார்த்து நிற்கின்றன. ஊசி போட்டால் ஒரு நாள் அப்படித்தான் இருக்கும் என்கிறான் ராஜவேல்.

அப்படியே இருக்கட்டும்.

நவம்பர் 23, சனி

எச்சம் பச்சையும் வெள்ளையுமாக இருக்கிறது. வாயைத் திறந்து திறந்து மூச்சு வாங்குகின்றன. அத்தை இன்று சந்தைக்குப் போகவில்லை.

நவம்பர் 24, ஞாயிறு

டாக்டர் வந்தார். வெள்ளைக் கழிச்சல். ராணிகெட் என்று இங்கே அதற்குப் பெயர், கல்யாணத்துக்குப் பிறகு கூட்டிப் போகிறேன் என்று ராஜவேல் சொன்ன மலையூரின் பெயர். ஊசிக்கு முன்பே உள்ளே வந்துவிட்டது, வெளியிலிருந்து எதையாவது கொண்டுவந்தீர்களா என்று இந்தியில் கேட்டார்.

"வெளியில இருந்து வந்தது ஊசி ஒண்ணுதான்" என்றார் மாமா. என்னைப் பார்த்துச் சொல்லவில்லை. தமிழில் சொன்னார், அதனால் எனக்குத்தான் சொன்னார். டாக்டர் போனதும், "கடைக்காரனுக்கு வக்காலத்து வாங்கறான். ஊசி போட்ட அன்னிக்கு வரைக்கும் எல்லாம் கொக்கரிச்சுட்டுத்தான் இருந்துச்சு. ஐஸு கரைஞ்ச மருந்து, கெட்டுப்போச்சு" என்றார்.

ராஜவேல் என் பக்கம் பேசினான். "அவ நல்லதுக்குத்தானே செஞ்சா." அது இன்னும் வலித்தது.

அத்தை அடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். இப்போது சொல்லாமல் இருப்பது அவர் முறை.

நவம்பர் 26, செவ்வாய்

ராஜவேல் வேலியோரம் குழி வெட்டினான். நான் சுண்ணாம்பு தூவினேன். வாசகசாலைக்கு லீவு. மதியம் வத்சலாவின் செய்தி: ரூம் வேணுமா வேண்டாமா? பதில் போடவில்லை. ரூம் வேண்டும் என்றும் சொல்லவில்லை, அதை விடவும் இல்லை.

நவம்பர் 27, புதன்

சமையலறையில் அத்தையும் நானும்தான். மாமா காதில் விழாமல், வெங்காயத்தை அரிந்துகொண்டே சொன்னார்.

"நீ பாத்தது எனக்குத் தெரியும் அம்மிணி. கொடியில துணி ஆடுச்சு. அன்னிக்குக் காத்தே இல்ல."

"உங்களுக்காகத்தான் அத்தை, நான் சொல்லலை."

"எனக்காகவா?" சிரித்தார். "ரூம யாருக்கும் குடுக்க வேண்டாம்னு போன்ல சொன்னியே, அதும் எனக்காகத்தானா?"

"அப்படியில்ல—"

"நான் அந்தக் கோழிக்காகப் பொய் சொன்னேன். எனக்கு அது தெரியும். நீ யாருக்காக வாய மூடிட்டு இருந்தே? உனக்குத் தெரியுதா?"

தெரியவில்லை அத்தை. எழுதிப் பார்த்தும் தெரியவில்லை. ஊசி வாங்கி ஓடியவளும் நான்தானே! ரூமைப் பிடித்து வைத்தவளும் நான்தானே! இரண்டில் எது நிஜம் என்று கேட்டால் என்ன சொல்ல? ஒருத்திக்குள் இரண்டும் இருந்துவிட்டுப் போகட்டும் என்றால், செத்தது கோழிகள்.

அத்தை அரிந்த வெங்காயத்தை என் பக்கம் தள்ளி, "வதக்கு" என்றார்.

நவம்பர் 30, சனி

நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

காலை வெயில் கொஞ்சம் வந்திருந்தது. மாமா முற்றத்துக் கட்டிலில். அவருடைய தம்பி ஊரிலிருந்து போன். ஸ்பீக்கரில் போட்டிருந்தார். "என்னண்ணா, நாமக்கல்காரனே கோழியச் சாக விட்டுப்போட்டா எப்புடி?" மாமா போனை வைத்துவிட்டு என்னைக் கூப்பிட்டார். நான் விளக்குமாற்றோடு நின்றேன்.

"இத்தன வருசம் துப்பாக்கி புடிச்ச கையி அம்மிணி இது. ஒரு கோழிக்கு ஊசி போட உன்னக் கேக்கோணுமா? புஸ்தகம் படிச்சா எல்லாம் தெரிஞ்சுடுமா? எங்கூட்டு—"

"போதும் நிறுத்துங்க" என்றார் அத்தை.

அவர் அப்படிப் பேசி நான் கேட்டதில்லை. மாமாவும் கேட்டதில்லை என்று நினைக்கிறேன். அத்தை கொட்டகைக்குப் பின்னால் போனார். சாம்பக்கோழியை இடுக்கிக்கொண்டு வந்தார். மாமாவின் காலடியில் விட்டார். அது உடம்பைச் சிலிர்த்துக்கொண்டு, கட்டிலுக்கு அடியில் சிந்தியிருந்த அரிசியைக் கொத்த ஆரம்பித்தது. கொழுகொழுவென்று இருந்தது. இரண்டு வருஷ ஊசியும் போட்ட கோழி. சீக்கைச் சுமந்து வந்தும் அதற்கு எதுவும் ஆகவில்லை.

"ஊசி இல்லீங்க. இதுதான். நான்தான்."

மாமா கோழியையே பார்த்தார். "வித்துப்போட்டேன்னு சொன்னே."

"விக்க மனசு வரலீங்க."

கத்துவார் என்று நினைத்தேன். கத்தியிருக்கலாம். எழுந்து, செருப்பைப் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார்.

ராஜவேல் என்னைப் பார்த்தான். "உனக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"எப்பலேர்ந்து?"

"அன்னிக்கே."

"அதான் ஊசியா?"

"ஆமா."

"அன்னிக்கே சொல்லியிருந்தா அந்த ஒண்ணைத் தனியா எடுத்து வெச்சிருக்கலாமே சிந்து." அவ்வளவுதான் சொன்னான். ஏன் சொல்லவில்லை என்று கேட்பான், ரூமைப் பற்றியும் சொல்லிவிடலாம் என்று காத்திருந்தேன். கேட்கவில்லை. அத்தையும் அதைச் சொல்லவில்லை.

டிசம்பர் 3, செவ்வாய்

இன்று சாவு இல்லை.

டிசம்பர் 15, ஞாயிறு

பாதிக்கு மேல் போய்விட்டன. பிழைத்தவற்றில் சில கழுத்து திருகி, வானத்தைப் பார்த்தபடி வட்டமடிக்கின்றன. தீனியைக் குறிவைத்துக் கொத்தினால் பக்கத்தில்தான் விழுகிறது. அத்தை அவற்றை மடியில் வைத்து ஊட்டுகிறார். மாமா அத்தையிடம் பேசுவது இந்த மூன்று சொற்கள்தான்: தண்ணி, டீ, கதவு.

ராஜவேல் பழைய கம்பெனிக்குப் போன் செய்தான். வரச் சொல்லிவிட்டார்கள். இரவு சாப்பாட்டில், "கரோல் பாக் பக்கம் ரூம் ஏதாவது இருக்குமா?" என்று என்னைக் கேட்டான். அத்தை கரண்டியோடு நின்றார்.

"வத்சலாவைக் கேக்கறேன்" என்றேன். புதிதாகக் கேட்பதுபோல.

ஜனவரி 19, ஞாயிறு

பொங்கலுக்கு மிஞ்சியதையும் மாமா விற்கவில்லை. சீக்கு வந்த கொட்டகைக் கோழியை நான் யாருக்கும் கொடுக்க மாட்டேன் என்றார். இன்று கிளம்பினோம். டெம்போவில் என் புத்தகப் பெட்டிகள்தான் அதிகம். அத்தை புளிச்சோறு கட்டிக் கொடுத்தார். மாமா டெம்போவின் கயிற்றை இழுத்துப் பார்த்தார், மறுபடி இழுத்துப் பார்த்தார்.

"கரோல் பாக்குல தண்ணி செரியா வருமா அம்மிணி?"

"வரும் மாமா."

"மோட்டார் போடற நேரம் கேட்டு வெச்சுக்கோ."

அறை நன்றாக இருக்கிறது. ஜன்னலில் மெட்ரோ பாலம் தெரிகிறது. நான் ஆசைப்பட்டது போலவே இருக்கிறது. அதுதான் கஷ்டமாக இருக்கிறது.

மார்ச் 16, ஞாயிறு

நஜஃப்கர் போனோம். மாமா கொட்டகை முழுதும் வெள்ளையடித்து, தரையை அடிமண்வரை வெட்டி மாற்றியிருக்கிறார். சனிக்கிழமை சந்தைக்கு இனி அவர்தான் போவாராம். அத்தையை அனுப்புவதில்லை. மற்றபடி இருவரும் பேசிக்கொள்கிறார்கள்.

பின்மூலையில் குஞ்சுகளின் சத்தம். சாம்பக்கோழி பொரித்திருக்கிறது. பிழைத்த கோழிகள் இட்ட முட்டைகளை அதற்கு அடியில் வைத்தது மாமாவாம்.

பார்க்கும் ஆசையில் பையைக்கூட இறக்காமல் கொட்டகை வாசலுக்குப் போனேன். உள்ளேயிருந்து அத்தையின் குரல்.

"அங்கயே நில்லு அம்மிணி! எத்தன பஸ்ஸு, எத்தன சனம். செருப்பக் கழட்டு."

கழற்றினேன். தட்டுத் தண்ணீரில் காலை வைத்தேன். குளிர்ந்திருந்தது.

அத்தை ஒரு குஞ்சை முந்தானையில் ஏந்தி வாசல்வரை கொண்டுவந்து காட்டினார். சாம்பல் நிறம். நான் தட்டிலேயே நின்று பார்த்தேன். கையை நீட்டவில்லை.