லேசான வலிதான் சார்

ஜூன் 4, 2024

இன்றும் கேஸ்தானாம். இடது பக்கம், அடிவயிற்றில், கையை வைத்தால் உயிர் போகிறது. அதற்குப் பேர் கேஸ்.

ஞானதுரை டாக்டர் கேட்டது என்னை. "எங்கம்மா வலிக்குது?" பதில் சொன்னது என் வீட்டுக்காரர் ஈஸ்வரபாண்டி. "லேசான வலிதான் சார். நேத்து மொச்சைக் குழம்பு, அதான் கேஸு." மோஷன் எப்படிப் போகிறது என்று கேட்டார். "அதெல்லாம் நார்மல் சார்." நாலு நாளாக எனக்கு ஒழுங்காகப் போகவில்லை. என் வயிறு எப்போது ஈஸ்வரபாண்டி பேருக்குப் பட்டா ஆனது?

டாக்டர் எங்கள் ஏலக்காய்க் கடைக்கு முப்பது வருஷ வாடிக்கை. அவர் முன்னால் இவர் வேறு எப்படிப் பேசுவார்? மூட்டையைப் பிரித்துக் காட்டும்போது நல்ல காயை மேலே பரப்பி வைத்துப் பழகிய கை. வீட்டுச் சரக்கிலும் குறை சொல்லக் கூடாது.

ஜூன் 6

கஞ்சி. மோர். மாத்திரை. வலி அங்கேயேதான் இருக்கிறது.

ஜூன் 9

அனுமந்தன்பட்டிக்கு இழுத்துப் போனார். அங்கே இவருடைய தங்கை முத்துப்பேச்சி ஏற்பாடு. "தொக்கம் விழுந்திருக்கு மதினி. சாப்பிட்டது எங்கனயோ சிக்கி நிக்குது. எடுத்துட்டாச் சரியாப் போகும்."

தொக்கம் எடுக்கிறவள் விளக்கெண்ணெயைத் தடவி, வலிக்கிற இடமாகப் பார்த்து அமுக்கினாள். கத்தினேன். "கத்தட்டும், அப்பத்தான் இளகும்" என்றாள். கடைசியில் வாயில் குழலை வைத்து உறிஞ்சி ஒரு சக்கையைத் துப்பிக் காட்டினாள். முருங்கைக்காயாம். முருங்கைக்காய் எங்கள் வீட்டு அடுப்பேறி மாதக்கணக்காகிறது! இவர் அந்தச் சக்கையைக் கும்பிடாத குறை. "பாத்தியா, நான் சொன்னேன்ல."

திரும்பி வரும்போது பஸ்ஸின் ஒவ்வொரு குலுக்கலுக்கும் பல்லைக் கடித்தேன். அம்மா நினைப்பு வந்தது. அவளும் இப்படித்தான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு கிடந்தாள். என்ன நோய் என்று இன்று வரை யாருக்கும் தெரியாது. 'வயித்து வலியில போயிட்டா' என்பார்கள், அவ்வளவுதான்.

போன தை மாதம் கக்கூஸில் ரத்தம் பார்த்தேன். அப்புறம் மாசியிலும் ஒரு தடவை. யாரிடமும் சொல்லவில்லை. யாரிடம் சொல்வது? அம்மாவுக்கு இருந்தது எனக்கும் இருக்கிறதா? அது மட்டும் தெரிந்தால் போதும். செத்தாலும் பேர் தெரிந்து சாக வேண்டும்.

ஜூன் 12

ஸ்கேன் எடுத்தாயிற்று. ரிப்போர்ட்டைப் படித்துவிட்டு எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. 'கர்ப்பப்பை நார்மல்' என்று போட்டிருக்கிறான். அதை எடுத்துப் பன்னிரண்டு வருஷம் ஆகிறது!

இவரிடம் காட்டினேன். "நார்மல்னுதான போட்டிருக்கான், நல்லதுதான?" என்றார். இந்த மனிதரை என்ன செய்ய?

ஒருத்தி வயிற்றில் இல்லாத சக்கையை எடுத்தாள். ஒருத்தன் இல்லாத கர்ப்பப்பையைப் பார்த்தான். இருக்கிறதை எவன் பார்க்கப் போகிறான்?

ஜூன் 14

குளிர்க் காய்ச்சல். "ஏசியில ஸ்கேன் எடுத்தல்ல, அதான்" என்கிறார். போய்யா.

ஜூன் 16

ஆஸ்பத்திரிக் கட்டிலில் உட்கார்ந்து எழுதுகிறேன். கையில் ஊசி, ஆனாலும் எழுதியே ஆக வேண்டும்.

நேற்றுக் காலை நிமிர முடியவில்லை. ஆட்டோவில் குனிந்தபடியே வந்தேன். ஷீபா என்று ஒரு டாக்டர், கம்பத்துக்காரர், என் மகள் வயதைவிடக் கொஞ்சம் கூட இருக்கும். வழக்கம்போல என்னைக் கேட்டார். வழக்கம்போல இவர் ஆரம்பித்தார். "லேசான வலிதான் டாக்டர்..."

"சார், நீங்க கொஞ்சம் வெளிய இருங்க."

"இல்லம்மா, அவளுக்குச் சொல்லத் தெரியாது."

"வலி அவங்களுக்குத்தான? அப்ப அவங்களுக்குத் தெரியும்."

கதவு மூடியது. இந்தக் கஸ்தூரியம்மாள் வாயைத் திறந்தாள். முப்பது வருஷத்தில் முதல் தடவையாக ஒரு டாக்டரிடம் நான் பேசினேன். எங்கே ஆரம்பித்தது, நகர்ந்ததா, காய்ச்சல் எப்போது, வாந்தி உண்டா, மூத்திரம் எரிகிறதா, மோஷன் எப்படி, வீட்டில் யாருக்காவது குடலில் நோய் இருந்ததா? ஒவ்வொன்றாகக் கேட்டுவிட்டு, நான் சொல்லி முடிக்கும்வரை காத்திருந்தார். ரத்தத்தைச் சொன்னேன். அம்மாவைச் சொன்னேன். சொல்லும்போதே அழுகை, அழுகையோடு ஆத்திரம். இத்தனை நாள் இது எங்கே கிடந்தது?

வயிற்றைத் தொட்டுப் பார்த்தபோது வலிக்காத வலது பக்கத்தில்தான் ஆரம்பித்தார். கண் முழுக்க என் முகத்தில். இடது அடிவயிற்றுக்கு வந்ததும் நான் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

"கேஸுன்னா இப்படிக் காய்ச்சல் வராதும்மா."

ரத்தம் எடுத்தார்கள், மூத்திரம் எடுத்தார்கள். ரத்தத்தில் வெள்ளணு ஏறிக் கிடந்தது. மூத்திரத்தில் கோளாறு இல்லை. கிட்னி தாங்குமா என்று பார்த்துக்கொண்டு, ஊசியில் மருந்து ஏற்றி சி.டி. ஸ்கேன். உடம்பெல்லாம் திடீரென்று சுட்டது.

இன்று காலை டாக்டர் வந்து என் கட்டிலிலேயே உட்கார்ந்து சொன்னார். "சைக்கிள் டியூப்ல மெலிஞ்ச இடம் புடைச்சு நிக்கும் பாத்திருக்கீங்களா? அந்த மாதிரி பெருங்குடல்ல அங்கங்க சின்னச் சின்னப் பை. நிறையப் பேருக்கு இருக்கும், தெரியவே தெரியாது. உங்களுக்கு அதுல ஒண்ணு சீழ்ப்பிடிக்கிற அளவுக்கு வீங்கிருச்சு." பேர் டைவர்டிகுலைட்டிஸ். மறுபடி மறுபடி சொல்லச் சொல்லிப் பழகிக்கொண்டேன்.

"கேன்சரா?"

"ஸ்கேன்ல அப்படித் தெரியல. ஆனா வீக்கம் இருக்கும்போது அடிச்சுச் சொல்ல முடியாது. ஆறு வாரம் போகட்டும், கேமரா விட்டுப் பாத்துருவோம். இப்பவே விட்டா குடல் ஓட்டையாயிரும்."

அப்போதுதான் விளக்கெண்ணெய்க்காரி அமுக்கியதைச் சொன்னேன். டாக்டர் பேனாவை மூடி வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "உடையாம இருந்துச்சே" என்றார்.

இதை எழுதும்போது பேனா தாளைக் கிழிக்கிறது. பயத்தில் இல்லை. கோபத்தில்.

ஜூன் 21

அல்லிநகரம் வீட்டுக்கு வந்துவிட்டேன். பார்க்க வருகிறவர்களிடம் இவர் சொல்கிறார்: "லேசா கேஸு. இப்பத் தேவலை." மருந்து ஏற்றி ஏற்றிக் கை வீங்கிக் கிடக்கிறது, இன்னும் கேஸ்!

இன்று வாய்ச்சண்டை. டிஸ்சார்ஜ் சீட்டில் ரத்தம் போனது எழுதியிருக்கிறதாம். "அதை எதுக்குச் சொன்ன? மூலமா இருக்கும். எல்லாருக்கும் போறதுதான்."

"எல்லாருக்கும் போகுதுன்னு உங்களுக்கு யாரு சொன்னது?" என்றேன்.

கடைக்குப் போய்விட்டார். சாப்பிடக்கூட வரவில்லை. போகட்டும்.

ஜூலை 18

வலி இல்லை. கேமராவுக்கு எத்தனை நாள் இருக்கிறது என்று மட்டும் தினமும் எண்ணுகிறேன். 'ஒன்றும் இருக்காது' என்று யாராவது சொன்னால் அடிக்கலாம்போல வருகிறது. உனக்கு எப்படித் தெரியும்? நீ உள்ளே போய்ப் பார்த்தாயா?

ஆகஸ்ட் 5

குடலைச் சுத்தம் செய்கிற மருந்தைக் குடம் குடமாகக் குடிக்கச் சொல்கிறார்கள். உப்புக் கரிக்கிறது. கக்கூஸுக்கும் கட்டிலுக்கும் நடக்கிறேன். இவர் டம்ளரை நிரப்பி நிரப்பி வைக்கிறார். கேமரா எவ்வளவு தூரம் போகும், வலிக்குமா என்று நாலு தடவை கேட்டுவிட்டார். எனக்குத்தான் கேமரா, இவருக்கு என்ன வந்தது?

ஆகஸ்ட் 6

மயக்கம் தெளிந்ததும் படத்தைக் காட்டினார் ஷீபா டாக்டர். சிவப்பு நிறக் குகை, சுவரில் குழி குழியாக. "இந்தப் பைகள்தான். ரத்தம் இதுல இருந்துதான் வந்திருக்கணும். கட்டி எதுவும் இல்ல. கேன்சர் இல்ல."

கேட்டதும் அழுதேன். அம்மாவுக்காகத்தான் அழுதேன். ஒரு மகராசியாவது அவளைத் தனியாக உட்கார வைத்துக் கேட்டிருந்தால்.

ஆகஸ்ட் 13

டாக்டர் வரச் சொல்லியிருந்தார். இந்த முறை இவரையும் உள்ளே உட்கார வைத்தார். வேண்டுமென்றே இவரைப் பார்த்துக் கேட்டார். "எப்படிச் சார் இருக்காங்க?"

இவர் வாயைத் திறந்தார், மூடினார். "அவளையே கேளுங்க டாக்டர்" என்றார்.

நான் சொன்னேன். எல்லாவற்றையும், மோஷன் உட்பட. இவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வெளியே வந்து செருப்பை மாட்டிக்கொண்டிருந்தேன். இவர் அசையாமல் நின்றார். "எனக்கும் போகுது" என்றார்.

"என்னது?"

"ரத்தம். ஒரு வருசமா."

ஒரு வருஷம்! எனக்குத் தை மாதம் வருவதற்கு முன்னாலிருந்தே! அடப் பாவி மனுசா. என் வாயை அடைத்தது இதற்குத்தானா? எனக்குக் குறை என்று ஒப்புக்கொண்டால் தனக்கும் ஒப்புக்கொள்ள வேண்டி வரும் என்றா? நடு ரோடு என்றும் பார்க்காமல் திட்டினேன். மருந்துக் கடைக்காரன் எட்டிப் பார்த்தான்.

"பொம்பளை டாக்டருகிட்ட எப்படிச் சொல்ல? நீ கூட வந்து சொல்லு கஸ்தூரி."

மாட்டேன் என்றேன். திரும்பிப் போய் அவர் பேருக்கு டோக்கன் போட்டேன். வருகிற வழியெல்லாம் நான் அவர் கையை விடவில்லை.

நாளைக் காலை போக வேண்டும். ஷீபா டாக்டர் கேட்பார். அவரே சொல்லட்டும். நான் வெளி பெஞ்சில் உட்கார்ந்திருப்பேன்.